நாற்பத்து மூன்று பேர் எழுதிய ஏழு

ஆண்டு விழா மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் பள்ளித் தாளாளர் ஐயா கிருபாசங்கர் அவர்களே! பாக்கு மண்டியைப் பாதி நாளில் பூட்டிவிட்டு, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வேண்டுமென்றே மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர், பெரியவர் தம்பிதுரை அவர்களே! தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே! இரண்டாம் வரிசையில் பட்டுச்சேலை கட்டி அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! சத்தி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, நாற்காலி கிடைக்காமல் பைக் மேலேயே உட்கார்ந்து பார்க்கிற தந்தையரே! விடிவதற்கு முன்னே எழுந்து பிள்ளையை மயிலாக்கி, மானாக்கி, இப்போது அந்த மயிலுக்குப் பசிக்குமே என்று மடியில் டிபன் டப்பாவோடு காத்திருக்கிற என் தாய்மாரே! முன்வரிசையில் ரோஸ் பவுடர் பூசிக் கொட்டாவி விடுகிற என் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் கணபதி நான்காவது வீதி சண்முகப்பிரியாவின் வணக்கம்!

சற்று முன்னால் தொகுப்பாளர் தம்பி வெண்கலக் குரலில் ஓர் அறிவிப்புச் செய்தார். ஐந்தாம் வகுப்பு 'ஏ' பிரிவில் இந்த ஆண்டு முழுவதும் கணக்கு வீட்டுப்பாடத்தில் ஒரு மதிப்பெண்கூடக் குறையாத மாணவன் மிதுன், 'வீட்டுப்பாட வித்தகர்' என்றார். அவனை ஊக்குவித்த அன்னை சண்முகப்பிரியா, 'வழிகாட்டும் தாய்' என்றார். எனக்கு ஒரு கேடயம், என் மகனுக்கு ஒரு கேடயம், மூன்று நிமிடம் ஏற்புரை. கை தட்டினீர்கள். நன்றி. அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேடயத்தை ஏற்க வரவில்லை. கோபப்பட வந்திருக்கிறேன்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். கோபத்திலும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் நம் கோயமுத்தூர். 'ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா' என்று மரியாதை குறையாமல் திட்டுகிற ஊர். அதே மரியாதையோடு இன்றைக்கு இந்தப் பள்ளியைத் திட்டப்போகிறேன், உங்களைத் திட்டப்போகிறேன், எல்லோருக்கும் முன்னால் என்னையே திட்டிக்கொள்ளப்போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. வீட்டுப்பாடம், வீட்டுப்பாடம் என்கிறோமே, அதைச் செய்கிறவர் யார்? பெருக்கல் வாய்பாட்டை அட்டையில் ஒட்டியது யார்? பின்னத்துக்கு ரொட்டி வரைந்து கலர் அடித்தது யார்? தெர்மாக்கோலில் கடிகாரம் வெட்டி முள் பொருத்தியது யார்? 'பாப்பா தூங்கிட்டா, பாவம், நீங்களே எழுதிப்போடுங்க' என்று புருஷன் கையில் பென்சிலைத் திணித்தது யார்? எழுத்து அழகாக இருந்தால் மிஸ்ஸுக்குச் சந்தேகம் வருமே என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதிய அப்பாக்கள் இந்த மைதானத்தில் எத்தனை பேர்? பாருங்க, அந்த மூலையில் ஒருவர் தலையைக் குனிகிறார். ஏனுங்க அண்ணா, நிமிருங்க. நானும் அந்தக் கூட்டந்தான்.

கதையைக் கேளுங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்தாம் வகுப்பு 'ஏ' பிரிவில் நாற்பத்து நான்கு பிள்ளைகள். நாற்பத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள். தாளில் பத்துக் கோடுகள். 'கீழ்க்காணும் கோடுகளை அளந்து எழுதுக' என்று ஒரே வரி. அவ்வளவுதான் வீட்டுப்பாடம். கூட்ட வேண்டாம், கழிக்க வேண்டாம், அளவுகோலை வைத்து அளந்தால் போதும். ஒரு பிள்ளை தன் கையால், தன் கண்ணால், தானாகச் செய்யக்கூடிய கணக்கு இதைவிட எளிதாக வேறு உண்டா?

மிதுன் பையைத் திறந்து தாளை எடுத்தான், ஸ்கேலையும் எடுத்தான். வழிகாட்டும் தாய் சும்மா இருப்பாளா? தாளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துபோயிற்று. இரண்டு வருடத்துக்கு முன் என் மூத்த மகள் இதே வகுப்பில் படித்தபோது இதே தாள், இதே பத்துக் கோடு. 'ஸ்கேலை உள்ள வை கண்ணு, நேரமாச்சு, டான்ஸ் ரிகர்சலுக்குப் போகோணும்' என்றேன். பரணிலிருந்து அக்காவின் பழைய நோட்டை இறக்கினேன். முதல் கோடு ஏழு சென்டிமீட்டர். இரண்டாவது பத்து. மூன்றாவது நான்கு. பத்துக்குப் பத்து வாங்கிய நோட்டு அது. என் மகன் பார்த்து எழுதினான். இரண்டு நிமிடத்தில் வீட்டுப்பாடம் முடிந்தது.

அதோடு விட்டேனா? ஐந்தாம் வகுப்பு அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டேன். மாலை ஆறரை மணி. ஏழு மணிக்குள் நாற்பத்திரண்டு கட்டைவிரல். 'தேங்க்ஸ் சிஸ்', 'நீங்க தெய்வம் சிஸ்', 'எங்க ஊட்டுல ஸ்கேலே காணோம் சிஸ், காப்பாத்துனீங்க'. எனக்குப் பெருமையோ பெருமை. அன்றைக்கு ராத்திரிச் சோறுகூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் நாற்பத்து மூன்று பிள்ளைகள் முதல் கோட்டுக்கு ஏழு என்று எழுதிக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு பிள்ளை ஆறு புள்ளி எட்டு என்று எழுதிக் கொண்டுபோனாள். எல்லோரும் பத்து என்று எழுதிய கோட்டுக்கு அவள் ஒன்பது புள்ளி ஏழு என்று எழுதினாள். நான்கு என்று எழுதியதற்கு மூன்று புள்ளி ஒன்பது. பத்துக் கோட்டுக்கும் அப்படித்தான். நாற்பத்து மூன்று பேருக்குப் பத்துக்குப் பத்து, அவளுக்குப் பத்துக்குச் சைபர். பத்துக் கோட்டுக்கும் இன்டு மார்க். டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி, 'அலட்சியம், அளக்கத் தெரியவில்லை'. அந்தப் பிள்ளையின் பெயர் ரித்திகா. மூன்றாவது வரிசையில் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பிப் பார்க்காதீங்க! பிள்ளை பயந்துக்குவா. என்னைப் பாருங்க.

அவள் ஏன் நம்மைப் போல எழுதவில்லை? அவள் அம்மா சென்னியம்மாள் நம் குழுவில் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். சரி, அந்தச் சென்னியம்மாள் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? அளக்கிற வேலை! பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்து போடப் போட, ஒவ்வொன்றாக எடுத்து வெர்னியர் என்கிற நுண் அளவுகோலை வைத்து அளந்து, இது போகட்டும், இது ரிஜக்ட் என்று பிரித்து வைக்கிற செக்கிங் வேலை. பதினொரு வருடமாக அதே வேலை. எந்தப் பட்டறையில்? சொல்லட்டுமா? கணபதி நான்காவது வீதியில், என் வீட்டுக்காரரும் நானும் நடத்துகிற பட்டறையில்!

ஆமாங்க. பகல் முழுக்கச் சென்னியம்மாள் 'சரி' என்றால்தான் என் பட்டறையிலிருந்து ஒரு பெட்டி வெளியே போகும். அவர் 'வேண்டாம்' என்று ஒதுக்கினால் என் வீட்டுக்காரரே மறுபேச்சுப் பேசமாட்டார். அந்த அம்மா தன் மகளுக்கு அளவுகோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பூஜ்ஜியத்தில் வைத்துத் தொடங்கு, நேர்மேலே இருந்து பார், பார்த்ததை எழுது. இதைக் கேட்ட பிள்ளைக்குத்தான் இந்தப் பள்ளி 'அளக்கத் தெரியவில்லை' என்று எழுதியது.

சென்னியம்மாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலிருந்து பள்ளிக்கு வந்தார். கிரீஸ் பட்ட சேலையோடு வாசலில் அரை மணி நேரம் நின்றார். மிஸ் வந்தார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதை அவர் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"மிஸ், கோடு ஆறு புள்ளி எட்டுத்தானுங்க இருக்குது. நானே அளந்து பாத்துப்போட்டேன்."

"ஏங்க, எல்லாரும் ஏழுன்னு எழுதியிருக்காங்க. எங்கிட்ட இருக்கற ஆன்ஸர் ஷீட்டுலயும் ஏழுதான். நாப்பத்தி மூணு பேரு தப்பு, உங்க பொண்ணு ஒருத்தி மட்டும் கரெக்டுங்களா?"

"நாப்பத்தி மூணு பேரு சேந்து சரின்னு சொன்னாலும் பெருத்த ஷாஃப்ட்டு பேரிங்குக்குள்ள போகாதுங்க மிஸ்."

கை தட்டுங்க! இதுக்குத் தட்டுங்க! எனக்குத் தட்டினதைவிட நூறு மடங்கு தட்டுங்க! ஆனால் அன்றைக்கு யாரும் தட்டவில்லை. 'சரிங்க, பெல் அடிச்சாச்சு' என்று மிஸ் உள்ளே போய்விட்டார்.

இனி என் வண்டவாளம். மறுநாள் பட்டறையில் சென்னியம்மாள் என்னிடம் வந்தார். "ஏனுங்க்கா, நீங்க படிச்சவீங்க. மிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். புள்ள ராவெல்லாம் பேசவே மாட்டீங்கறா" என்றார். நான் என்ன செய்தேன்? வெர்னியரை வாங்கினேனா? தாளை வாங்கினேனா? ஒரு நொடி குனிந்து பார்த்தேனா? இல்லை! பில் புத்தகத்திலிருந்து தலையைக்கூட எடுக்காமல், "அட விடுங்க சென்னியம்மா, அடுத்த தடவை மிதுன்கிட்ட வாங்கிப் பாத்து எழுதச் சொல்லுங்க" என்றேன். எவருடைய அளவை நம்பி என் குடும்பம் சோறு தின்கிறதோ, அவரிடம் சொன்னேன், பார்த்து எழுதச் சொல்லுங்க என்று. அவர் சரிங்க்கா என்று சொல்லிவிட்டுப் போய் ஷாஃப்ட்டை அளக்க உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சைபர் என்ன செய்தது தெரியுமா? இந்தப் பள்ளியில் ஒரு விதி இருக்கிறது. வீட்டுப்பாடச் சராசரி நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போனால் பிள்ளையை 'ஏ' பிரிவிலிருந்து எடுத்து 'டி' பிரிவில் போடுவார்கள். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான பிரிவு, பின்கட்டில், சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில். இந்தப் பருவத்தில் நான்கு தாள். ரித்திகா வாங்கியது பத்து, பத்து, ஒன்பது. நான்காவது இந்தச் சைபர். கூட்டுங்க! முன்வரிசைப் பிள்ளைகளே, கூட்டுங்க! எத்தனை? இருபத்தொன்பது! நாற்பதுக்கு இருபத்தொன்பது. நூற்றுக்கு எழுபத்திரண்டரை. போயிற்று! வருகிற திங்கட்கிழமை ஒட்டப்போகிற 'டி' பிரிவுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. ஒழுங்காக அளந்த குற்றத்துக்கு இந்தத் தண்டனை!

அதுகூடப் பரவாயில்லை என்பேன். பிரிவு மாறினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. போன வாரம் வகுப்பில் மறுபடி ஓர் அளவுக் கணக்கு. எல்லோரும் ஸ்கேலை எடுத்தார்கள். ரித்திகா எடுக்கவில்லை. எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். என் மகன் வந்து சொன்னான். "மிஸ், விடை எவ்வளவுன்னு சொல்லிப்போடுங்க மிஸ், அப்புறம் அளந்துக்கறேன்."

கேட்டீர்களா? விடையைச் சொல்லுங்க, அப்புறம் அளக்கிறேன்! பத்து வயதுப் பிள்ளை! கண் பார்த்ததைக் கை எழுதிய பிள்ளை! அவள் கண்ணை அவளே நம்பாமல் செய்துவிட்டோமே, பாவிகளா! ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆசிரியை, நாற்பத்து மூன்று தாய்மார் எல்லோரும் சேர்ந்து மூன்றே வாரத்தில் இதைச் சாதித்திருக்கிறோம். இதற்குத்தான் எனக்குக் கேடயமா? இதுவா வழிகாட்டுதல்? இதுவா வித்தகம்?

என்னது? சீட்டு வந்திருக்கிறது. 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறது. ஏனுங்க தாளாளர் ஐயா, மூன்று நிமிடம் ஆயிற்று என்று உங்கள் கடிகாரம் சொல்கிறது, நீங்கள் நம்புகிறீர்கள். ஆறு புள்ளி எட்டு என்று ஒரு பிள்ளையின் அளவுகோல் சொன்னால் மட்டும் நம்பமாட்டீர்களா? ... சிறப்பு விருந்தினர் ஐயா 'பேசட்டுமுங்க, உடுங்க' என்கிறார். நன்றிங்க ஐயா. பாக்கை எடைபோட்ட கைக்கு அளவின் அருமை தெரியாமல் இருக்குமா? சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இந்தக் கோபம் எனக்கு எப்போது வந்தது? புதன்கிழமை. கேடயச் செய்தி வந்ததும் வீட்டில் கேசரி கிண்டினேன். மிதுன் தொடவில்லை. "ஏன் கண்ணு?" என்றேன். "நாம அளக்கவே இல்லியேம்மா. ரித்திகாதான அளந்தா" என்றான். 'போடா, பெரிய இவன்' என்று அவன் தாளை எடுத்து, ஸ்கேலை வைத்து, ஏழு காட்டுகிறேன் பார் என்று அளந்தேன். ஆறு புள்ளி எட்டு. ஸ்கேல் தேய்ந்திருக்கும் என்று மகளின் ஸ்கேலை வாங்கி அளந்தேன். ஆறு புள்ளி எட்டு. பக்கத்து வீட்டில் தையல் டேப் வாங்கி வந்தேன். ஆறு புள்ளி எட்டு. கடைசியில் பட்டறைக்கு ஓடிப்போய்ச் சென்னியம்மாளின் வெர்னியரையே எடுத்து வந்து அளந்தேன். நான் கருவியை மாற்றினேன். கோடு மாறவில்லை. அதே ஆறு புள்ளி எட்டு!

அப்படியானால் ஏழு எங்கே போயிற்று? தாளின் மூலையில் ஜெராக்ஸ் கடை முத்திரை இருந்தது. நம் யாஸ்மின் கடை. போய்க் கேட்டேன். யாஸ்மின் சிரித்தார். "ஏனுங்க்கா, பள்ளிக்கூடத்துல குடுத்த ஒரிஜினல் பெரிய காயிதமுங்க. எங்கிட்ட இருந்தது ஏ-ஃபோருங்க. ஓரம் வெட்டுப்படாம இருக்கறதுக்குத் தொண்ணூத்தியேழு பர்சன்ட்ல வெச்சு எடுத்தேன். வாங்க வந்த ஆபீஸ் அண்ணாகிட்டச் சொன்னனே, கொஞ்சம் சுருங்குமுங்கன்னு. எழுத்துத் தெரிஞ்சாப் போதுமுன்னு எடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்றார். கோடு சுருங்கிவிட்டது. பழைய நோட்டில் இருந்த விடை சுருங்கவில்லை. மிஸ் கையில் இருந்த விடைத்தாளும் சுருங்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு பொறியாளர் வேண்டுமா? ஒரு ஸ்கேல் போதும். ஆசிரியை ஒரு முறை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்பத்து மூன்று வீட்டில் ஒரு வீடு வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

யந்திரத்துக்குப் பேர்போன கோயமுத்தூருங்க இது! அரைக் கடுகு பிசகினாலும் திருப்பி அனுப்புகிற ஊர்! நூலை எண்ணி நெய்த ஊர், இரும்பை அளந்து கடைந்த ஊர். இந்த ஊரில் நாற்பத்து மூன்று குடும்பம் ஒரு சின்னக் கோட்டை அளக்காமல் அளந்ததாக எழுதிக் கொடுத்து, அதற்குப் பரிசும் வாங்குகிறோம். வெட்கமாயில்லையா? எனக்கு இருக்கிறது. முதுகு முழுக்க இருக்கிறது.

குழுவில் எழுதினேன். 'அம்மாக்களே, நாம் எல்லோரும் தப்பு, ரித்திகா ஒருத்திதான் சரி, மிஸ்ஸிடம் சேர்ந்து போய்ச் சொல்வோம்' என்று. என்ன பதில் வந்தது? 'விடுங்க சிஸ், ஆண்டு விழா நேரத்துல எதுக்கு?' 'நம்ம புள்ளைங்க மார்க்கைக் குறைச்சுப்போட்டா?' 'அவங்க அம்மாவே சும்மா இருக்காங்க, உங்களுக்கு என்ன?' ஒருவர் தொழுத கையைப் போட்டார். ஒருவர் குழுவைவிட்டே போய்விட்டார். அந்தச் செய்திகளை எழுதியவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன், கவலைப்படாதீங்க. தாளாளர் ஐயாவிடமும் போனேன். 'பட்டியல் அச்சுக்குப் போயிருச்சுங்களே அம்மணி. சனிக்கிழமை மேடைல நாலு வார்த்தை நல்லதாப் பேசுங்க, நீங்க காலேஜ்லயே பேச்சுப் போட்டி ஜெயிச்சவீங்களாச்சே' என்றார். பேசிக்கொண்டிருக்கிறேன் ஐயா. நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் கோரிக்கை. ரித்திகாவுக்கு இரக்கம் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கணக்கைக் கணக்காகப் போடச் சொல்கிறேன். இதோ என் மகன் மிதுனின் தாள். நான் பார்த்து எழுத வைத்த தாள். பத்தும் தப்பு. கணக்கு மிஸ், இரண்டாம் வரிசையில் இருக்கிறீர்கள், மேடைக்கு வாருங்கள். எல்லோர் முன்னாலும் இந்தத் தாளில் பத்துக்குப் பத்தை அடித்துவிட்டுச் சைபர் போடுங்கள். பெற்ற தாய் நான் கேட்கிறேன், என் மகனுக்குச் சைபர் போடுங்கள்! மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் போடுங்கள். அளக்கத் தெரியாதவர்களுக்குத்தான் 'டி' பிரிவு என்றால், திங்கட்கிழமை பட்டியலில் நாற்பத்து மூன்று பெயரை ஒட்டுங்கள். 'ஏ' பிரிவில் ஒரே ஒரு பெஞ்சு போடுங்கள். அதில் ஒரே ஒரு பிள்ளை உட்காரட்டும்!

சத்தம் போடாதீங்க. கொஞ்சம் அமைதி. மிஸ் எழுந்துவிட்டார். வழி விடுங்க. ... வாங்க மிஸ். உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. நாற்பத்து நான்கு தாளை ஒரு மதிய இடைவேளையில் திருத்துகிற கஷ்டம் எனக்குத் தெரியும். இது மிதுனின் தாள். இது ரித்திகாவின் தாள், அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் வாங்கி வந்தேன். இந்தாங்க ஸ்டீல் ஸ்கேல். நீங்களே அளங்க. மைக்கில் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். முதல் கோடு... ஆறு புள்ளி எட்டு. இரண்டாவது... ஒன்பது புள்ளி ஏழு. மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். தாளாளர் ஐயாவும் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார். பாருங்க ஐயா, நல்லாப் பாருங்க.

மிதுனின் தாளில் அடித்துவிட்டார். சைபர் போட்டுவிட்டார்! நன்றி மிஸ். மிதுன், அழுகாத கண்ணு, இது அம்மா வாங்கின சைபர். தாளாளர் ஐயா என் காதில் ஒன்று சொல்கிறார், உங்களுக்கும் சொல்கிறேன்: திங்கட்கிழமைப் பட்டியல் வராது. இந்தத் தாளை எல்லோருக்கும் மறுபடி திருத்துவார்கள். இப்போது மிஸ் ரித்திகாவின் தாளை எடுத்துவிட்டார். இன்டு மார்க்கை எல்லாம் அடிக்கிறார். மிஸ்ஸின் கண் கலங்கியிருக்கிறது. மேலே எழுதுகிறார், பத்துக்குப் பத்து! தட்டுங்க!

இருங்க. இருங்க. தட்டாதீங்க. மூன்றாவது வரிசையில் ரித்திகா எழுந்து நிற்கிறாள். ஏதோ சொல்கிறாள். என்ன கண்ணு? பயப்படாம உரக்கச் சொல்லு. ... "மிஸ், எட்டாவது கோடு தப்புங்க மிஸ். ஏழு புள்ளி ஏழுன்னு எழுதிப்போட்டேன். ஊட்டுல மறுக்கா அளந்து பாத்தேன், ஏழு புள்ளி எட்டுங்க மிஸ்."

மிஸ் எட்டாவது கோட்டில் ஸ்கேலை வைக்கிறார். ... ஏழு புள்ளி எட்டு. பிள்ளை சொன்னதுதான் சரி. பத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதுகிறார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சராசரி, அளந்து வாங்கியது. சென்னியம்மாள் மகளை உட்கார வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல நேராகப் பார்க்கிறார். பட்டறையில் ஒரு ஷாஃப்ட் சரியாக இருந்தால் அவர் இப்படித்தான் பார்ப்பார்.

என் தாய்மாரே, தந்தையரே! பத்துக்குப் பத்து வாங்கிய நாம் யாரும் மூன்று வாரமாக அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சைபர் வாங்கிய பிள்ளை, ஸ்கேலை வெளியே எடுக்கவே பயந்த பிள்ளை, வீட்டில் தானாகவே மறுபடி உட்கார்ந்து பத்துக் கோட்டையும் அளந்திருக்கிறாள். தன் தப்பைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். கிடைத்த ஒரு மதிப்பெண்ணை இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது?

மூன்று நிமிடம் கேட்டு முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டதைப் பொறுத்த அவையோருக்கு நன்றி, கோபத்தைப் பொறுத்தவர்களுக்கு இரட்டை நன்றி. கேடயம் இரண்டும் மேசையிலேயே இருக்கட்டும். நான் இறங்குகிறேன். மூன்றாவது வரிசைக்குப் போய் அந்த அம்மாவிடமும் அந்தப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கொஞ்சம் நாற்காலியை நகர்த்தி வழி விடுங்க. வாரேனுங்க, எல்லோருக்கும் வணக்கமுங்க.